லடாக்குக்கு இரண்டு மில்லிமீட்டர்

மோட்டார் சைக்கிள் டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை முழுக்கப் படித்தவர்கள் நாட்டில் குறைவு. நான் படித்திருக்கிறேன். டயர் கடையில் காத்திருக்கும்போது படிக்க வேறு ஒன்றும் கிடைக்காது. 140/70-17 என்று அளவு. அதை ஒட்டி 66ஹெச். 66 என்றால் அந்த ஒற்றை டயர் 300 கிலோ தாங்கும். ஹெச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை அதை நம்பி ஓட்டலாம். எந்தப் பக்கம் உருள வேண்டும் என்று ஓர் அம்புக்குறி. கூடவே நாலு எண் கொண்ட முத்திரை. 2319 என்றிருந்தால் 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் பிறந்தது என்று அர்த்தம். நட்சத்திரம் ஒன்றுதான் பாக்கி. இத்தனையும் அச்சடித்தவர்கள், ஜனங்கள் கேட்கிற ஒரே கேள்விக்கு மட்டும் பதில் போடவில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

கார் டயருக்காவது அமெரிக்காவில் தேய்மானத்துக்கு மார்க் போடும் வழக்கம் உண்டு. டயரின் மேலேயே அந்த மார்க் இருக்கும். இரண்டு சக்கர வண்டிக்கு அந்தப் பரீட்சையே கிடையாது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் எங்கள் வலியசாலை அக்கிரகாரம் இருக்கிறது.

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதிக்கும் கிள்ளியாற்றுக்கும் நடுவில், காந்தளூர் சிவன் கோவிலை ஒட்டி, சுவரோடு சுவர் சேர்ந்த வீடுகள். ராஜராஜ சோழன் தன் மெய்க்கீர்த்தியில் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காந்தளூர்ச் சாலை இதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். இங்கே வந்து அவன் கப்பலை உடைத்தானா, சாலையில் படித்த பிள்ளைகளின் சாப்பாட்டில் கைவைத்தானா என்ற சண்டை ஆயிரம் வருஷம் கழித்தும் ஓயவில்லை. தஞ்சாவூரிலிருந்து இவ்வளவு தூரம் படை நடத்தி வந்தவன்கூட, வழியில் எத்தனை தேர்ச்சக்கரம் தேய்ந்தது என்று கல்லில் வெட்டி வைக்கவில்லை. எங்கள் தெருவில் இருந்திருந்தால் வெட்டியிருப்பான்.

எதிராத்து மாமா ஏ.ஜி. ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆகி வெகுகாலம் ஆயிற்று. அவர் ஸ்கூட்டரின் டயர் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. "வண்டியோட வந்த ஒரிஜினலாக்கும். பதினோரு வருஷம். கிட்டக்க வந்து பாரு, ரோமம்கூடப் போகலை" என்பார். வார்ப்பு அச்சில் காற்று வெளியேற வைத்த துளைகளுக்குள் ரப்பர் புகுந்து முடிபோல நீட்டிக்கொண்டிருக்குமே, அதைத்தான் சொல்கிறார். நிஜமாகவே போகவில்லை. அந்த ஸ்கூட்டரின் உலகம் மேற்கே பழவங்காடி கணபதியோடு முடிகிறது. கிழக்கே கரமனைப் பாலத்தை அது பார்த்ததில்லை.

என் மருமான் பெங்களூரில் இருக்கிறான். லீவுக்கு வந்தால் பைக்கில்தான் வருவான். "மாமா, எனக்கு ஆறாயிரத்துல ஒரு டயர் காலி" என்று அதே பெருமையோடு சொல்வான். ரேஸ் வண்டிக்கு ஆகிற மெத்தென்ற ரப்பர் போட்டிருக்கிறான். வளைவில் சாய்ந்தால் தரையைப் பிடித்துக்கொள்ளும்; அந்தப் பிடிக்குக் கூலி ரப்பராகவே போய்விடும். எதிராத்து மாமா அதைக் கேட்டுவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று மாமி சொன்னாள். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு டயர் என்றால் கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்று படுக்கையில் வகுத்துக்கொண்டிருந்தாராம்.

இரண்டு பேரும் டயரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நான் முதலில் நம்பினேன். மாமா சொல்வது, தான் எங்கேயும் போகவில்லை என்பதை. மருமான் சொல்வது, வீட்டிலேயே தங்கவில்லை என்பதை. டயர் ஆயுளை யார் சொன்னாலும் காது கொடுத்துக் கேளுங்கள். அந்த மனுஷரின் பஸ் ரூட் முழுக்கத் தெரிந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் டூரிங் டயர் என்று ஓர் இனம் இருக்கிறது. என் வண்டியில் அதுதான். நடுப்பகுதியில் கெட்டி ரப்பர், இரண்டு ஓரத்திலும் இளகின ரப்பர் என்று நல்ல கம்பெனிகள் கலந்து வார்ப்பார்கள். ஹைவேயில் நிமிர்ந்து போகும்போது நடுப்பகுதி உழைக்கட்டும், மலைப்பாதையில் சாயும்போது ஓரம் பிடிக்கட்டும் என்ற கணக்கு. பொதுவாகப் பின் டயர் 10,000 முதல் 20,000 கிலோமீட்டர் வரை வரும்; முன் டயர் அதைத் தாண்டும். இஞ்சின் இழுவை முழுவதும் பின்னாடி டயர் வழியாகத்தான் தரையில் இறங்குகிறது, கனமும் அங்கேதான் அதிகம். வலியசாலையில் அந்தக் கனத்தில் ஒரு மாமியும் சாலைக்கடையில் வாங்கின பத்து கிலோ மட்டையரிசியும் அடக்கம்.

ஏன் டூரிங் டயர் என்று ஆத்தில் கேட்டார்கள். லாங் ட்ரிப் போக வேண்டாமா என்றேன். போகாமல் இல்லை. நாகர்கோவிலில் சித்தி பேத்தி கல்யாணத்துக்குப் போய்வந்தேன். எழுபது கிலோமீட்டர் சொச்சம். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம் என்று ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்றுதான் போனேன் என்றாலும், ஒரு மாநில எல்லையைத் தாண்டினேன் என்பதை யாரும் மறுக்க முடியாது.

மற்றபடி அந்த டயர் என்ன செய்கிறது? காலையில் கிள்ளிப்பாலம். அங்கே சிக்னல். பிறகு அட்டக்குளங்கரை, கிழக்கே கோட்டை, தம்பானூர். எங்கேயும் வளைவு கிடையாது. சந்து திரும்புவதை வளைவு என்று டயர் ஒப்புக்கொள்ளாது. ஆகவே ஓரத்திலிருக்கும் இளகின ரப்பர், காசு கொடுத்து வாங்கினது, தொட்டுப் பார்க்க ஆளில்லாமல் புத்தம் புதிதாக இருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்து தேய்ந்து உருண்டையாக இருந்தது சப்பையாகிவிடுகிறது. இப்படிச் சப்பையான டயரைத் திடீரென்று வளைவில் சாய்த்தால் ஒரு விளிம்பைத் தாண்டி விழுவதுபோல வண்டி சட்டென்று உள்ளே இறங்கும். ஓரத்தை உபயோகித்தே தீருவது என்றால் பொன்முடிக்குப் போக வேண்டும். அங்கே 22 கொண்டை ஊசி வளைவுகள். போனால் மாலையில் வண்டியை நிறுத்திவிட்டு டயரின் ஓரத்தை மட்டும் உற்றுப் பார்க்கிற வாலிபர்களைக் காணலாம். ஓரத்தில் தேயாமல் விட்டுப்போன பட்டையை அவர்கள் ஓட்டுபவனின் கோழைத்தனம் என்று கணக்கிடுகிறார்கள். என் டயரில் அந்தப் பட்டை இரண்டு விரல் அகலம். பார்க்க வந்தவன் "அங்கிள், ஷோரூமிலேர்ந்து நேரா வர்றீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான்.

ஊருக்குள் தேய்வது கிலோமீட்டரால் வருவதைவிட நிற்பதால் வருவது அதிகம். ஆக்ஸிலரேட்டரைத் திருகிக் கிளம்பும்போது டயர் தரையில் கண்ணுக்குத் தெரியாமல் வழுக்குகிறது. பிரேக் போடும்போது எதிர்ப்பக்கம் வழுக்குகிறது. ரப்பர் உரிவது அந்தக் கணங்களில்தான். அட்டக்குளங்கரை - கிள்ளிப்பாலம் சாலையை ஸ்மார்ட் சாலையாக்குவதற்காகத் தோண்டிப் போட்டிருந்த காலத்தில் அரை கிலோமீட்டருக்குள் எத்தனை தரம் பிரேக் பிடித்தேன் என்பது என் வலது காலுக்குத் தெரியும். கழக்கூட்டம் - காரோடு பைபாஸில் முக்கோலைக்குத் தெற்கே சிமென்ட் சாலை. பார்க்கக் கண்ணாடி, தொட்டால் உப்புத்தாள். வழுக்காமல் இருக்கக் கோடு கோடாகக் கீறியிருக்கிறார்கள். வழுக்காத சாலை டயரைத் தின்கிற சாலை என்பதை வண்டிக்காரனுக்கு யாரும் போர்டு வைத்துச் சொல்வதில்லை.

மழையில் மட்டும் கொஞ்சம் லாபம். ஜூன் பிறந்து எடவப்பாதி கொட்டினால் சாலை குளிர்ந்து, நனைந்த ரப்பர் உரியாமல் நழுவிக்கொண்டு போகும். அந்த லாபத்தை ஆணி வாங்கிக்கொள்ளும். நனைந்த ரப்பரை வெட்டுவதும் குத்துவதும் சுலபம். மழைக்காலத்தில் பஞ்சர் கடைக்காரர் முகத்தில் தெரியும் தெளிவுக்குக் காரணம் அதுதான். தம்பானூரில் தண்ணீர் தேங்குவது ஊரறிந்த சங்கதி. ஓடைகளைத் திறந்துவிட 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' என்று பெயர் வைத்துப் பெரிய அளவில் இறங்கினார்கள். தேங்கின தண்ணீரைப் பிளந்து வெளியே தள்ளத்தான் டயரில் பள்ளம் பள்ளமாக வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்துக்குள்ளேயே சின்ன மேடு ஒன்று ஒளிந்திருக்கும், 0.8 மில்லிமீட்டர் உயரம். மேல் ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. எதிராத்து மாமாவிடம் அந்த மேட்டைக் காட்டினேன். "இது கம்பெனிக்காரன் வியாபாரத்துக்கு வெச்சது" என்றார்.

காற்று விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வாயடிக்க இடம் கொடுங்கள். டயர் ஆயுளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்களில் வாரம் ஒரு முறை காற்றுப் பார்க்கிறவன் அபூர்வம். குறைவாக இருந்தால் டயர் நசுங்கிச் சூடேறி ஓரம் தேயும். கூடுதலாக இருந்தால் நடுவில் உப்பி நடு தேயும். எத்தனை வேண்டும் என்பது வண்டியில் ஸ்டிக்கராகவே ஒட்டியிருக்கிறது. அதுவும் குளிர்ந்த டயருக்கான கணக்கு. பெட்ரோல் பங்குக்கு ஓட்டிக்கொண்டு போவதற்குள் டயர் சூடேறி அளவு ஏறிவிடுகிறது. ஆகவே சரியாகக் காற்றுப் பார்க்க வேண்டுமானால் பங்குக்குள்ளேயே குடியிருக்க வேண்டும். அங்கே காற்றடிக்கிற பையன் அஸ்ஸாமிலிருந்து வந்தவன். நான் தமிழில் முப்பத்திரண்டு என்பேன். பின்னால் நிற்கிற ஆட்டோக்காரர் உதவிக்கு வந்து மலையாளத்தில் சொல்வார். அவன் ஹிந்தியில் வாங்கிக்கொண்டு தனக்குப் பிடித்த எண்ணை வைப்பான். எதிராத்து மாமாவுக்கு எண்ணே தேவையில்லை. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "இன்னும் ரெண்டு அடி" என்பார். அந்த விரல் கவர்மென்ட் கணக்கில் முப்பத்தைந்து வருஷம் பழகின விரல்.

அவர் வகுத்த கணக்கு என்னையும் ஒரு நாள் பிடித்துக்கொண்டது. புது டூரிங் டயரில் தேய்க்கத் தகுந்த ரப்பர் ஆறு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயுள் 15,000 கிலோமீட்டர். மில்லிமீட்டருக்கு 2,500 கிலோமீட்டர் ஆகிறது. கன்யாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் சுமார் 3,700 கிலோமீட்டர். அங்கிருந்து லே இன்னும் நானூறு சொச்சம். ஆக, குமரி முனையில் கிளம்பி, நாடு முழுவதையும் கீழிருந்து மேல் கடந்து, சோஜி லா கணவாய் ஏறி லடாக்கில் போய் இறங்க ஆகிற செலவு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆத்தில் இதைச் சொன்னேன். "திரும்பி வரதுக்கு?" என்றாள். அதற்கு இன்னொரு இரண்டு. அப்புறமும் இரண்டு மிஞ்சும். அதில் நாகர்கோவில் கல்யாணங்களை எல்லாம் முடித்துவிடலாம். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

லடாக் போகிறவனுக்கு ரப்பர் தீர்ந்துவிடும் என்ற கவலையே வேண்டாம். கவலைப்பட வேண்டியவன் கிள்ளிப்பாலம் போகிறவன்தான். எப்படி என்கிறீர்களா? தினம் எட்டோ பத்தோ கிலோமீட்டர், ஞாயிறு லீவு, மழை வந்தால் பஸ். வருஷத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் தேறும். 15,000 ஓட ஆறேழு வருஷம். அதுவரை ரப்பர் காத்திருக்காது. வெயிலும் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனும் ஓஸோனும் தின்று தின்று, அதிலிருக்கும் எண்ணெய்ப் பசை வற்றி, கெட்டிப்பட்டு, பக்கச்சுவரில் முடிக்கோடுகளாக வெடிப்பு விழும். ஐந்து வருஷமானால் வருஷாவருஷம் பரிசோதிக்க வேண்டும், பத்து வருஷத்துக்குமேல் பள்ளம் எத்தனை ஆழம் இருந்தாலும் வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். எதிராத்து மாமாவின் டயர் இந்தக் கணக்கில் எப்போதோ காலமாகிவிட்டது, ரோமத்தோடு.

இந்த வெடிப்பைத் தள்ளிப்போட டயரில் 6பிபிடி என்று ஒரு மருந்து கலக்கிறார்கள். ஓஸோன் ரப்பரைக் கடிக்க வந்தால் இது முன்னால் போய்க் கடிபடும். கடிபட்டது இன்னொரு ரசாயனமாக மாறி, டயர் தூளோடு மழையில் கரைந்து ஓடைக்குப் போகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கோஹோ சால்மன் மீன்கள் மழை பெய்த மறுநாள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்ததற்குக் காரணம் இதுதான் என்று 2020 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். எங்கள் தெருத் தூளெல்லாம் கிள்ளியாறு வழியாகக் கரமனையாற்றில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. கிள்ளியாற்றில் சால்மன் இல்லை. மீனுக்கு அங்கே டயரைவிட அவசரமான பிரச்சினைகள் உண்டு.

ரப்பரைக் குறை சொல்ல நான் வரவில்லை. சொல்லிவிட்டு இந்த ஊரில் நடமாட முடியாது. 1902இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் தோட்டம் போட்டதிலிருந்து கேரளத்துக்கு ரப்பர் என்றால் பிள்ளை படிப்பு, பெண் கல்யாணம், வீட்டுக்கு மாடி. எல்லை தாண்டினால் குலசேகரம் பக்கமும் அதேதான். ரப்பர் விலை ஏறினால் மரம் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், வண்டி வைத்திருக்கும் நாங்கள் அழுவோம். கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். இந்த மலையாள தேசத்திலிருந்து போன கே.எம். மாம்மன் மாப்பிள்ளைதான் 1946இல் மெட்ராஸ் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் எம்.ஆர்.எஃப். காலையில் வாங்கி சாயங்காலத்துக்குள் வெடித்துப்போகிற சரக்கில் தொடங்கி, தேய்ந்த டயருக்கு மறுபடி ஒட்டுகிற ரப்பர், பிறகு டயர் என்று ஆயுளை நீட்டிக்கொண்டே போன கம்பெனி. 1955இல் தொடங்கின என்ஃபீல்ட் இந்தியாவும் புல்லட் செய்ய அதே திருவொற்றியூரில்தான் தொழிற்சாலை வைத்தது. வண்டியும் டயரும் ஒரே ஊர்க்காரர்கள். சம்பந்தம் பண்ண வசதி.

கடைசியில் என் டயரும் கடைக்கு வந்தது. பள்ளம் இருந்தது, மேட்டை எட்ட இன்னும் நல்ல தூரம். பக்கச்சுவர் மட்டும் வெடித்திருந்தது. கடைக்கார சேட்டன் நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகம்தான் மடங்கியது. "ஸாறே, இது ஓடித் தேஞ்ஞதல்ல, இருந்நு போயதா" என்றார். ஒரே வரியில் இவ்வளவு சரியாக ஒரு டாக்டர்கூட என்னைப் பற்றிச் சொன்னதில்லை. புதிதும் டூரிங் டயர்தான் வேண்டும் என்றேன். அவர் என்னையும் வண்டியையும் ஒரு முறை பார்த்துவிட்டு, பரணிலிருந்து ஒன்றை இறக்கினார். அந்த நாலு எண்ணைத் தேடிப் படித்தேன். கடைப் பரணிலேயே இரண்டு வயது முடிந்திருந்தது. வேறு எடுங்கள் என்றதும் சேட்டனுக்கு என்மேல் முதல் முறையாக மரியாதை வந்தது. புது டயர் மேல்பக்கம் வழவழப்பு போகிறவரை முதல் நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள் என்றார். அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டு வர எதிராத்து மாமா சம்மதிக்கவில்லை. "இவ்வளவு ரப்பர் இருக்கு, ஸ்பேரா வெச்சுக்கோ." எதற்கு ஸ்பேர் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் சாய்த்து வைத்தேன். மழைக்காலம் வந்தது.

கேரளத்தில் மழைக்காலத்தில் ஆஷா பணியாளர்கள் வீடு வீடாக வருவார்கள். பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கம், தேங்காய்ச் சிரட்டை எல்லாம் பார்ப்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் கொசுவுக்குப் பழைய டயரைவிட உயர்ந்த விடுதி கிடையாது. எந்தப் பக்கம் கவிழ்த்தாலும் கொஞ்சம் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். ஈடிஸின் முட்டை வறண்டாலும் மாதக்கணக்கில் சாகாது. ஆசியாவிலிருந்து கப்பலில் போன பழைய டயர்களுக்குள் உட்கார்ந்துகொண்டே இந்தக் குலத்தில் ஒன்று கடல் தாண்டி, 1985இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் போய்க் குடியேறியிருக்கிறது. ஐரோப்பாவுக்கும் டயரில்தான் போயிற்று. டூரிங் என்றால் அது.

எங்கள் வார்டு ஆஷா பெண் டார்ச் அடித்து என் டயருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஸாறே, இதில் ஆளுண்டு."

எதிராத்துத் திண்ணையிலிருந்து மாமா குரல் கொடுத்தார்: "வாடகை எவ்வளவு தரான்னு கேளு."